24 நாள் கார், 39 நாள் முதுகுப்பை

சென்ற ஆண்டு பிப்ரவரியில் கோத்தகிரியிலிருந்து புறப்பட்டு, நியூசிலாந்தில் 63 நாட்கள் தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன். அவற்றில் 24 நாட்கள் வாடகைக் காரில் கழிந்தன. மீதி 39 நாட்கள் முதுகில் பையைச் சுமந்துகொண்டு பேருந்திலும் ரயிலிலும் கப்பலிலும் கழிந்தன. திரும்பி வந்து கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, காருக்கு மட்டும் 6,375 நியூசிலாந்து டாலர் போயிருந்தது. படுக்கை, சாப்பாடு, பயணச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அந்த 39 நாட்களுக்கு ஆனது 3,640 டாலர். அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 50 ரூபாய். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிற நான், என் சொந்தக் கணக்கில் இப்படிக் கோட்டைவிட்டதை வெளியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதே ஆசையோடு தொழிற்சாலையில் என்னிடம் யோசனை கேட்ட மூன்று பேருக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கடல் கடந்தவர் அப்பா ஒருவர்தான். அதுவும் போனதில்லை, வந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட வேலைக்காக மலையேறியவர் அவர். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டி இன்றும் வீட்டில் இருக்கிறது. பயணம் என்றால் கையில் எடுத்துக்கொண்டு போகும் பெட்டி என்பதே அவர் எண்ணம், நான் 45 நாட்களுக்குக் கார் பேசிவிட்டேன் என்றதும், "அவ்வளவு தூரம் போய் அங்கேயும் நீயே ஓட்டணுமா?" என்று கேட்டார். அது எனக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுவார், தெரியாதவர் பேருந்தில் போவார் என்பதுதான் அன்றைய என் கணக்கு. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை மழையிலும் பனிமூட்டத்திலும் இறங்கியவள் நான். அங்கேயோ நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடு. பிறகு என்ன பயம் என்று நினைத்தேன்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை சிக்கல் எதுவும் வரவில்லை. நமது உரிம அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் குறுகிய காலம் வந்து போகிறவருக்கு அங்கே அதுவே போதும். இருந்தாலும் வாடகைக் கார்க் கவுன்ட்டரில் வாக்குவாதம் வேண்டாம் என்று, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நாம் வசிக்கும் பகுதிக்கான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 4ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 1,000 ரூபாய் கட்டினால் கிடைக்கும், ஓராண்டு செல்லும். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

நான் செய்த முதல் தவறு, 45 நாட்களுக்கான வாடகையையும் கோத்தகிரியில் உட்கார்ந்தபடியே முன்பணமாகக் கட்டியது. ஒரு நாளைக்கு 55 டாலர் வீதம் 2,475 டாலர். முன்கூட்டியே கட்டினால் நாளொன்றுக்கு ஆறு டாலர் குறையும் என்பதற்காகக் கட்டினேன். இடையில் திருப்பிக் கொடுத்தால் மீதிப் பணம் வராது என்ற வரியை வாசித்தும் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது தவறு கிறைஸ்ட்சர்ச்சில் கவுன்ட்டரில் நின்றபோது தெரிந்தது. ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். அதில் 3,000 டாலரைப் பிணையாகப் பிடித்து வைப்பார்கள். என் கார்டின் வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். அதில் ஒன்றரை லட்சம் அந்த ஒரு தேய்ப்பில் முடங்கிப்போனது. செலவாகாத பணம்தான், ஆனால் ஏழு வாரத்துக்கு நம்முடையதும் இல்லை. மீதி ஒரு லட்சத்தில் அறை, பெட்ரோல், உணவு என்று ஓட்ட வேண்டியிருந்ததால், முதல் நாளிலிருந்தே கை கட்டுப்பட்டுப் போனது. கார் எடுப்பதென்று முடிவு செய்கிறவர், வாடகையை விசாரிப்பதற்கு முன் பிணைத்தொகை எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். அந்தத் தொகை போக மிச்சம் இருக்கும் வரம்பில் பயணம் ஓடுமா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் இரண்டாவது கார்டு ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது என்பது சட்டம். நியூசிலாந்தில் அப்படி ஒரு கட்டாயமே இல்லை. விபத்தில் உடலுக்குக் காயம் பட்டால், சுற்றுலா வந்தவருக்கும் சேர்த்து, சிகிச்சைக்கு உதவுகிற அரசுத் திட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் அது நோய்க்கும் உதவாது, வண்டிக்கும் உதவாது. ஆகவே வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் ஒப்பந்தத் தாளில் அச்சிட்டிருப்பதுதான் வேதம். நாளொன்றுக்கு 28 டாலர் கூடுதலாகக் கட்டினால், வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் நான் கட்ட வேண்டிய பொறுப்புத் தொகையைக் குறைப்பதாகச் சொன்னார்கள். 45 நாட்களுக்கு 63,000 ரூபாய் ஆகிறதே என்று மறுத்துவிட்டேன். அது சரியா தவறா என்று இன்றும் எனக்குள் வழக்கு நடக்கிறது. ஏனென்றால், அதைக் கட்டியிருந்தாலும் எனக்கு நேர்ந்ததற்கு ஒரு டாலர்கூடக் கிடைத்திருக்காது.

முதல் வாரம் மகிழ்ச்சியாகத்தான் போனது என்பதை மறைக்க மாட்டேன். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆர்தர்ஸ் பாஸ் வழியாக மேற்குக் கரைக்கு இறங்கினேன். 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாய், 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்னூரைப் பார்த்து வளர்ந்தவளுக்குச் சின்ன மேடாகத் தெரிந்தது. ஆனால் மலையின் உயரம் வேறு, சாலையின் குணம் வேறு. மலைப்பாதையில் நாம் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துக் கேட்டு முந்துவார். அங்கே ஊருக்கு வெளியே பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு 100. வளைவுகளுக்கு மட்டும் மஞ்சள் பலகையில் வேகம் எழுதியிருக்கும். நான் 60-இல் போனால் பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரனே அடிக்காமல் ஊர்ந்து வரும். அந்த மௌனம் ஹாரனைவிட அதிகமாக உறுத்தியது. மெதுவாகப் போகிறவர் ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே அகலப்படுத்திய இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒதுங்கி வழிவிடுவதுதான் மரியாதை என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது. ஒருவழிப் பாலங்களும் அப்படியே. நம் மலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடும். அங்கே ஏற்றமா இறக்கமா என்பது பேச்சே இல்லை, பலகைதான் பேசும். சிவப்பு வட்டத்துக்குள் நம் பக்கத்து அம்பு சிறிதாக இருந்தால் நாம் நிற்க வேண்டும். நீலப் பலகையில் நம் அம்பு வெள்ளையாகப் பெரிதாக இருந்தால் நாம் போகலாம். பழக்க தோஷத்தில் ஒரு பாலத்தில் பாதி தூரம் போய், எதிரே பால் லாரி வரக் கண்டு, பின்னோக்கி வந்தேன்.

க்ரௌன் ரேஞ்ச் சாலையில் இறங்கியபோது இன்னொரு பாடம் கிடைத்தது. 1,076 மீட்டர் வரை ஏறும் அது, அந்த நாட்டின் முக்கியச் சாலைகளில் மிக உயரமானது. அம்பு போல நீண்டு, பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாகத் திருப்பங்கள். கீழே கிடக்கும் சமவெளியைப் பார்த்தபடி இறங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒரு வாசனையை உணர்ந்தேன். சீசன் நேரத்தில் பர்லியார் பக்கம் நின்றால் சமவெளியிலிருந்து வந்த கார்களிடமிருந்து வருமே, பிரேக் தீய்கிற அந்த வாசனை. யாரோ ஒரு புதியவர் முன்னால் போகிறார் என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், முன்னால் வண்டியே இல்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பதை ஓட்டக் கற்ற முதல் நாளிலேயே கேட்டவள் நான். ஆனால் அங்கே கிடைக்கும் வாடகைக் கார்கள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். இடக்கை இரண்டாம் கியரைத் தேடித் தேடி ஓய்ந்து, வலக்கால் பிரேக்கிலேயே குடியிருந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியரில் நிறுத்தி இறங்க வழி உண்டு. அது எந்தக் குமிழ், எந்த எழுத்து என்று சாவி வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் அலட்சியம்.

இதற்குள் எனக்கு வேறொரு களைப்பும் வந்துவிட்டிருந்தது. தனியாக ஓட்டுகிறவர் எதையும் பார்ப்பதில்லை. ஏரியின் நீலத்தைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் பார்ப்பார். ஓட்டுகிறவர் சாலையின் நடுக்கோட்டைப் பார்ப்பார். ஆறு மணி நேரம் ஓட்டி, ஒரு ஊரில் இறங்கி, காரை நிறுத்தக் கூடிய மோட்டலாகத் தேடி, தனியறையில் நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், அன்று முழுக்க நான் பேசியது பெட்ரோல் பங்கில் சொன்ன நன்றி மட்டுமாக இருக்கும். கார் இருப்பதாலேயே எங்கும் தங்காமல் ஓடிக்கொண்டே இருந்தேன். கட்டிய பணத்துக்கு ஓட்டிவிட வேண்டும் என்ற கணக்குப்பிள்ளை புத்தி.

இருபத்து நான்காம் நாள், வானாகாவிலிருந்து ராப் ராய் பனியாற்றைப் பார்க்கும் நடைபாதையின் தொடக்கத்துக்குப் புறப்பட்டேன். அந்தச் சாலையின் கடைசி முப்பது கிலோமீட்டர் அளவு சரளைக்கல் பாதை. பல நீரோடைகள் பாலமில்லாமல் குறுக்கே ஓடும். வறண்ட நாளில் சக்கரம் நனைகிற அளவுதான் நீர் இருக்கும். போகும்போது அப்படித்தான் இருந்தது. நடந்துவிட்டுத் திரும்புவதற்குள் மலைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை அறிந்த ஊர்க்காரிக்கு அது மழையாகவே தோன்றவில்லை. நான் நின்ற இடத்தில் தூறல்தான். ஓடைக்கு அது தூறல் இல்லை என்பதை மட்டும் மறந்துவிட்டேன். மூன்றாவது ஓடை காலையில் கண்ணாடிபோல இருந்தது, இப்போது சாம்பல் நிறத்தில் வேகமாக ஓடியது. ஆழம் தெரியவில்லை. இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். நடக்கத் துணியாத நீரில் காரை விடக் கூடாது. நான் காரிலேயே உட்கார்ந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறக்கிவிட்டேன். நடுவில் வந்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் ஏதோ பள்ளத்தில் சட்டென்று இறங்கின. காருக்கு அடியில் கற்கள் உருளும் ஓசை மாவு மில்லுக்குள் இருப்பதுபோலக் கேட்டது. கதவின் கீழ் விளிம்பு வழியாகத் தண்ணீர் வந்து, பின்னிருக்கைக்குக் கீழே வைத்திருந்த என் ரப்பர் செருப்பு ஒன்று மிதந்து முன்னால் வந்தது.

அந்த நேரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், எஞ்சினை உடனே அணைத்ததும் அதன்பின் மறுபடி சாவியைத் தொடாததும்தான். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், ஸ்டார்ட் செய்கிற முயற்சியே அதை உடைத்துவிடும். அணைத்து வைத்ததால் எஞ்சின் தப்பியது. முதுகுப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு முழங்காலுக்கு மேல் ஓடிய நீரில் கரையேறினேன். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கவும் கிடைக்காது. நம் மலையில் வண்டி நின்றுபோனால் பத்து நிமிடத்தில் ஒரு தேயிலை மூட்டை பிக்கப் வந்து, "என்ன தங்கச்சி, தள்ளணுமா?" என்று கேட்டுவிடும். அந்தப் பழக்கத்தில் ஒன்றரை மணி நேரம் கரையிலேயே நின்றேன். ஒருவரும் வரவில்லை. நின்று அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு நடக்கத் தொடங்கி, ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவரைக் கண்டேன். அவர் டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுத்துக் கரையில் விட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பையில் இருந்த கோத்தகிரித் தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பால் ஊற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் வாடகை நிறுவனத்தோடு பேசியபோதுதான் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தை முழுதாக வாசித்தேன். நீரோடையைக் கடந்ததால் ஏற்படும் சேதம் எந்தக் காப்பீட்டிலும் சேராது. காரின் அடிப்பகுதிச் சேதமும் சேராது. முன் பம்பர், அடித்தகடு, உள்விரிப்பு, வயரிங் என்று 2,740 டாலரைப் பிணையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இழுத்துச் சென்ற வண்டிக்கு 620 டாலர் தனி. பயன்படுத்தாத 21 நாள் வாடகை 1,155 டாலரும் வரவில்லை. மொத்தம் 4,515 டாலர், அதாவது இரண்டே கால் லட்சம் ரூபாய்க்கு மேல். இரவு தம்பிக்குப் போன் செய்து தொகையைச் சொல்ல ஆரம்பித்தேன். "அக்கா, அதை விடுங்க, சாப்பிட்டீங்களா?" என்றான். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் இந்தச் சாலைக்குக் கொண்டுபோகலாமா என்று நான் முதல் நாள் வரைபடத்தைக் காட்டிக் கேட்டபோது, "எல்லோரும் போகிறார்கள்" என்று கவுன்ட்டரில் சொன்ன பதிலை எழுத்தில் வாங்காமல் விட்டதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

இப்படித்தான் முதுகுப்பைப் பயணி ஆனேன். காரில் இருந்தபோது 17 கிலோ சாமான் பாரமாகவே தெரிந்ததில்லை. வானாகாவில் விடுதியிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரை அதைச் சுமந்தபோது அப்பாவின் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது. மூன்று நாட்களில் ஜீன்ஸ் இரண்டு, கனத்த கம்பளிச் சட்டை, இஸ்திரிப்பெட்டி (ஆமாம், இஸ்திரிப்பெட்டி) எல்லாம் விடுதியின் இலவசப் பொருள் அலமாரிக்குப் போயின. பை 9 கிலோவுக்கு வந்தது. அந்த அலமாரிகளிலிருந்தே அரிசியும் பருப்பும் உப்பும் எனக்குக் கிடைத்தன. பொதுச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கினால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பெண்களுக்கென்று தனிப் படுக்கைக்கூடம் உள்ள விடுதிகளும் உண்டு. குறட்டை, இரவு இரண்டு மணிக்குப் பையை நோண்டுகிறவர்கள், குளியலறை வரிசை எல்லாம் உண்டுதான். நாற்பது வயதுக்கு மேல் மேல்படுக்கைக்கு ஏறுவதும் இன்பமில்லை; கீழ்ப்படுக்கையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

மண் ஒட்டிய நடைக்காலணியோடு அந்த நாட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமான நிலையத்தில் என் காலணியில் தேயிலைத் தோட்டச் செம்மண் இருந்தது. நடைக்காலணி இருக்கிறது என்று படிவத்தில் ஒப்புக்கொண்டதால், அவர்களே கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். உணவுப் பொருளுக்கும் இதே விதிதான்.

பேருந்துக்கு நாள் கணக்கில் இல்லாமல் மணிக்கணக்கில் பாஸ் விற்கிறார்கள். எத்தனை மணி நேரம் பயணமோ அவ்வளவு கழியும். என் வகைப் பயணத்துக்கு அது மிகவும் பொருந்தியது. ஊர்களுக்கு இடையில் அதுவே போதும். நடைபாதைகள் தொடங்கும் இடங்களுக்குப் பேருந்து போகாது. அதற்குச் சிறு வேன்கள் இருக்கின்றன, முன்பதிவு வேண்டும், மழை என்றால் அவர்களே ரத்து செய்துவிடுவார்கள். அந்த வேன்காரர் போக மறுக்கிற நாளில்தான் நான் ஓடைக்குள் இறங்கினேன் என்பதைப் பிறகு நினைத்துக்கொண்டேன். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து க்ரேமௌத்துக்கு 223 கிலோமீட்டர் ட்ரான்ஸ்ஆல்பைன் ரயிலில் போனேன். முதல் வாரம் நான் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டே கடந்த அதே மலைத்தொடர். 1923-இல் திறந்த ஓடிரா சுரங்கத்தின் நீளம் எட்டரை கிலோமீட்டர். அதனுள் சரிவு 33-க்கு 1. நம் மேட்டுப்பாளையம் ரயில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையில் 12-க்கு 1 சரிவில் பல்சக்கரத்தால் ஏறுகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமை பேசுவதற்கும் நேரம் இருந்தது.

காரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும்போது, விடுதிச் சமையலறையில் பழகிய இரண்டு பெண்களோடு சேர்ந்து தே அனாவில் இரண்டு நாட்களுக்கு ஒரு கார் எடுத்தோம். முழுக் காப்பீடும் கட்டினோம். வாடகையும் பெட்ரோலும் மூன்றாகப் பிரிந்ததால் என் பங்கு 110 டாலர்தான் வந்தது. பிணை வேறொருவரின் கார்டில். ஹோமர் சுரங்கத்துக்கு முன்னால், பாறைகளில் நூறு அருவிகள் இறங்குகிற இடத்தில், நிறுத்தச் சொல்லி நிறுத்தினோம். மேலே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது ஓட்டுகிறாயா என்று சாவியை நீட்டினார்கள். பின்னிருக்கையில் ஜன்னலோரமாகவே இருந்துகொள்கிறேன் என்றேன்.

ஆக, நான் மறுபடி போவதாக இருந்தால், முதல் வாரம் கார் எடுக்க மாட்டேன். பேருந்தில் நாட்டின் சாலைகளைப் பார்த்துப் பழகிக்கொள்வேன். பேருந்து போகாத இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றை ஒரே மூலையில் சேர்த்து, நான்கைந்து நாட்களுக்கு மட்டும், துணை கிடைத்தால் மட்டும் கார் எடுப்பேன். ஒரு நகரத்தில் சேர்ந்துவிட்ட வண்டிகளை வேறு நகரத்துக்குக் கொண்டு சேர்க்க, வாடகை நிறுவனங்கள் மிகக் குறைந்த கட்டணத்துக்குக் கொடுப்பதும் உண்டு. தேதி நெகிழ்வாக இருப்பவர் அதைத் தேடிப் பார்க்கலாம், ஆனால் அதற்கும் பிணை உண்டு. இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்கு, சிறு குழந்தையோடு போகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்குக் காரே மலிவாக வரலாம்.

கார்டு பாக்கியைப் பன்னிரண்டு தவணையாக மாற்றிக்கொண்டேன். வெளிநாட்டுச் செலவுக்கு என் வங்கி எடுத்த 3.5 சதவீதமும், அதன் மேல் வரியும், தவணை வட்டியும் மேலே சொன்ன எந்தத் தொகையிலும் சேரவில்லை. இன்னும் இரண்டு தவணை இருக்கிறது.